அம்மாவின் காய்ச்சலும் இடுப்பில் இருந்த கறுப்புப் பொருக்கும்

சாயல்குடிப் பக்கம் கடலோரக் கிராமம் எங்களுடையது. மழை ஓய்ந்த மார்கழியில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. மாத்திரை போட்டால் இறங்கும், ராத்திரி திரும்ப ஏறும். தலைவலியில் கண்ணைத் திறக்க முடியவில்லை. பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டுப் போட்டு அனுப்பினார்கள். டெங்கு இல்லை, மலேரியா இல்லை. ரத்தத் தட்டணுக்கள் மட்டும் குறைந்துகொண்டே போயின.

அப்புறம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா முதலில் கேட்டதே, "காட்டுவேலைக்குப் போவீங்களாம்மா?" என்றுதான். கரிமூட்டத்துக்கு வேலிக்கருவை வெட்டப் போவதை அம்மா சொன்னார். உடனே நர்ஸ் அக்கா திரையை இழுத்துவிட்டு அக்குள், மார்புக்கு அடி, தொடையிடுக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாவாடை நாடா இறுகும் இடத்தில், பீடி சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, அம்மாவுக்கே தெரியாது.

ஸ்க்ரப் டைபஸ் என்றார்கள். பூச்சி கடித்துக் கிருமி ஏறி வரும் காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்வார்கள். ரத்தம் எலிசா பரிசோதனைக்குப் போனது. ரிசல்ட்டுக்குக் காத்திராமல் கிருமியைக் கட்டுப்படுத்தும் டாக்ஸிசைக்ளின் மருந்தை 100 மில்லிகிராம் காலையிலும் ராத்திரியிலும் கொடுத்தார்கள். மறுநாள் ராத்திரி காய்ச்சல் ஏறவே இல்லை.

உண்ணிக் காய்ச்சல் என்றதும் பக்கத்து வீட்டுச் சித்தி ஆடுகளை விற்றுவிடச் சொன்னார். டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஆட்டுக் காதில் தொங்கும் உண்ணி இதைப் பரப்புவதில்லை. உண்ணிக்கு உறவான ஒரு நுண்பூச்சியின் குஞ்சுதான் புல்நுனியில் காத்திருந்து ஏறுகிறது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. வழக்கமாக அதற்கு எலி, மூஞ்சூறுதான் இரை. கடிப்பது குஞ்சுப் பருவத்தில் மட்டும், அதுவும் ஒரே முறை. வளர்ந்தபின் மண்ணில் கிடந்து மற்ற பூச்சிகளின் முட்டையைத் தின்று பிழைக்கும். ஒரே முறை கடிப்பதற்குக் கிருமி எங்கிருந்து வந்தது? தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே வந்துவிடுகிறதாம். இது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. எலியை மட்டும் ஒழித்தால் பூச்சி ஒழியாது. இரை போன குஞ்சுகள் நம் மேல் ஏறும். வீட்டைச் சுற்றிய புல்லையும் புதரையும் சேர்த்தே அகற்ற வேண்டும். நாங்கள் அதைத்தான் செய்தோம். ஆடுகள் பட்டியில்தான் இருக்கின்றன.

அம்மா இப்போதும் கருவை வெட்டப் போகிறார், வேறு வருமானம் இல்லை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்கிறார். வந்ததும் உடுப்பை வெந்நீரில் போட்டுவிட்டுச் சோப்புத் தேய்த்துக் குளிக்கிறார்.

கடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் வரும். அதனால் டாக்டர் கேட்காவிட்டாலும் புதர்ப்பக்கம் போய்வந்ததை நீங்களே சொல்லுங்கள். பெண்களுக்கு மறைவாக உடம்பு முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள். பொருக்கு எல்லாருக்கும் வருவதில்லை. அது இல்லை என்பதற்காகப் பரிசோதனையை விட்டுவிட வேண்டாம்.