மழைக்காலக் குறிப்புகள், சுங்கை சிப்புட், மலேசியா

2 நவம்பர்

மழை. என் புத்தகம் பற்றி அச்சகத்திலிருந்து பதில் இல்லை.

3 நவம்பர்

பால்வடியும் முன்னே மழைவந்தால் கிழவியின்
கால்வலியும் காணும் விடுப்பு.

ரப்பர்த் தோட்டத்துக் கிழவிக்கு நான் எழுதும் குறள் வெண்பா. காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. அலகிட்டால், அதாவது சீர்களை அசை பிரித்துப் பார்த்தால், இடிக்கிறது. ‘மழைவந்தால்’ நிரை நேர் நேர் என்று மூன்று அசை, புளிமாங்காய் என்னும் காய்ச்சீர். வெண்பாவில் காய்க்குப் பின் நேர் வர வேண்டும். ‘கிழவியின்’ நிரையில் தொடங்குகிறது. வெண்பாவுக்கு ஆகாத கலித்தளை புகுந்துவிட்டது, வெண்பா கெட்டது. மற்றதில் குறையில்லை. பால், கால் எதுகை. ‘விடுப்பு’ கடைசிச் சீருக்குரிய ‘பிறப்பு’ வாய்பாட்டில் முடிகிறது.

‘பாட்டியின்’ என்று போட்டால் எல்லாம் தீரும். கூவிளம், அடுத்த அடி ‘கால்’ என்று நேரில் தொடங்குவதால் அங்கும் தளை தட்டாது, பால், பாட்டி மோனை வேறு இலவசம். ஆனால் லயத்துப் பேச்சில், தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளில், அவள் கிழவிதான். பாட்டி என்றதும் ஏதோ பாடநூல் படத்து மூக்குக்கண்ணாடி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

5 நவம்பர்

கருத்துக் கேட்டு எனக்கு வந்த கதைக் கட்டுக்குள் ரப்பர்த் தோட்டக் கதைகளே அதிகம். பாலுக்கு மரம் சீவும் காட்சி வந்தாலே தெரிந்துவிடும், எழுதியவர் உளியைப் பக்கத்திலிருந்து பார்த்தவரா இல்லையா என்று. நண்பகலில் சீவுகிறார்கள். மரத்தைக் ‘குத்துகிறார்கள்’. பால் ‘பீறிட்டு’ வருகிறது.

விடியுமுன் போவது கங்காணிக்குப் பயந்து மட்டுமல்ல. அந்நேரம் பட்டைக்குள் அழுத்தம் அதிகம். வெயில் ஏற ஏற இலை நீரை இழுக்கும், பால் குறையும். சீவும் கோடு இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாக, சுமார் 30 பாகைச் சரிவில் இறங்கும். பால்குழாய்கள் நேரே ஏறாமல் வலப்பக்கம் சற்றுச் சாய்ந்து ஏறுவதால், இந்தப் பக்கமாக வெட்டினால்தான் கூடுதல் குழாய் அறுபடும். ஒரு சீவலுக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போதும். ஆழம் போய் உள்தோல் காயப்பட்டால் அந்த இடம் முடிச்சு முடிச்சாக வளரும். மறுபடி பட்டை கட்டினாலும் சீராகச் சீவ முடியாது. பால் பீறிடுவதில்லை. கோட்டில் ஊறி, வழிந்து, மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், சொட்டும்.

இதையெல்லாம் கதையில் எழுத வேண்டியதில்லை. எழுதுகிறவருக்குத் தெரிந்திருந்தால் வினைச்சொல் தானே சரியாக விழும்.

6 நவம்பர்

கிழவி. பாட்டி. கிழவி.

8 நவம்பர்

அதே கட்டுக்குள் ஒரு கதை, 1948இல் நடப்பது. நம் ஊர்தான். ஜூன் 16 அன்று இங்குள்ள தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதில் தொடங்குகிறது. நல்ல தொடக்கம், பதற்றம் இருக்கிறது. ஆனால் மறுவாரமே பாத்திரங்கள் முள்வேலிக்குள் குடியிருக்கிறார்கள். மக்களை வேலியிட்ட ஊர்களில் குடியேற்றிய பிரிக்ஸ் திட்டம் 1950இல்தான், புதுக்கிராமங்கள் அதன்பிறகு. பெரட்டில், காலை ஆள்கணக்கெடுப்பில், ஒருவன் பணத்தை ‘ரிங்கிட்’ என்கிறான். அதிகாரபூர்வமாக அந்தப் பெயர் வந்ததே 1975இல். ‘வெள்ளி’ என்று எழுதினால் அன்றைக்கும் பொருந்தும், இன்றைக்கும் பொருந்தும்.

இந்த வகைக் கதைகளுக்குப் பக்கத்தில் ஒரு தாள் வேண்டும்: இடப்பக்கம் ஆண்டு, நடுவில் பாத்திரத்தின் வயது, வலப்பக்கம் அப்போது ஊரில் என்ன இருந்தது. அரை மணி நேர வேலை. யாரும் செய்வதில்லை.

9 நவம்பர்

என் புத்தகத்தின் மெய்ப்பு, திருத்திப் பார்க்கும் படி, வந்தது. பார்த்ததும் வயிறு எரிந்தது. ‘கொட்டகை’ எல்லாம் ‘க’, கொம்பு, கால் என்று தனித்தனியே சிதறிக் கிடக்கிறது. பக்கம் அமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் பத்தி அமைப்பை ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்பதற்கு மாற்றாமல் ஒருங்குறித் (யூனிகோட்) தமிழைக் கொட்டினால் இப்படித்தான் ஆகும். எழுத்துரு மேல் பழி போட்டு மாற்றிக்கொண்டே இருப்பார்கள், அது தீர்வில்லை. மாற்றிய பின் கொ, கோ, கௌ மூன்றையும் தேடிப் பார்க்க வேண்டும். வெண்பாவில் சீர் பிரித்த இடைவெளி வரிக் கடைசியில் உடைகிறதா என்று தனியாக ஒரு பார்வை.

தேசிய நூலகத்துக்கு 5 படிகள், 1986 சட்டப்படி. விற்கும் கணக்கில் அதைச் சேர்க்கக்கூடாது.

10 நவம்பர்

நாளை தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 1க்குக் கதை. பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காது. குரல் மாற்ற இரண்டு பாத்திரம் போதும், மூன்றாவது வந்தால் குழப்பம். பிள்ளைகள் சேர்ந்து சொல்ல ஒரு வரி வேண்டும். அது மூன்றாம் முறை வரும்போது ஒரு சொல்லை மாற்றினால் வகுப்பே கூச்சல் போடும். நீதி கேட்டு ஆசிரியர் கடைசியில் எழுந்திருப்பார். அதற்குள் மணி அடித்தால் நல்லது.

12 நவம்பர்

விடியலில் மழை. ‘முன்னே’ என்ற சொல்லை மட்டும் தொடக்கூடாது. சீவுமுன் மழை வந்தால் பட்டை ஈரம், பால் கோட்டை விட்டு மரமெல்லாம் பரவும், அதனால் வேலை இல்லை. சீவிய பின் வந்தால் மங்கில் தண்ணீர். உழைத்ததும் போச்சு, விடுப்பும் இல்லை. குறளின் உயிரே அந்த ஒரு சீரில் இருக்கிறது.

அப்படியானால் மாற வேண்டியது கிழவியும் இல்லை, முன்னேயும் இல்லை. நடுவில் இருப்பது.

13 நவம்பர்

பால்வடியும் முன்னே பொழிந்தால் கிழவியின்
கால்வலியும் காணும் விடுப்பு.

‘பொழிந்தால்’ நிரை நேர், புளிமா. மா முன் நிரை, வெண்பாவுக்குரிய வெண்டளை. ‘மழை’ என்ற சொல் போய்விட்டது, பொழிவது வேறென்ன? முதலடியில் மோனை இல்லாதது கொஞ்சம் உறுத்துகிறது. உறுத்தட்டும். கிழவி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

14 நவம்பர்

அச்சகம் அழைத்தது. 99 பக்கம் வருகிறதாம். ஒரே தாளாக மடியும் 16 பக்க ஃபாரம் ஆறு என்றால் 96. மூன்று பக்கம் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் 112க்குப் போய் 13 பக்கம் வெள்ளையாகக் கிடக்கும். முன்னுரையிலிருந்து தொடங்கலாம். நாளை மதியத்துக்குள் சொல்ல வேண்டும்.