வலப்பக்க டயரின் கறுப்புக் கோடு

சேலம் கோரிமேட்டில் ஏற்காடு ரோட்டை ஒட்டிய ஒரு பட்டறையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். மலை வண்டிகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. இருபது கொண்டை ஊசி வளைவு. ஞாயிறு சாயங்காலமானால் கிளட்ச் கருகிய வாடையோடு இரண்டு வண்டியாவது வந்து நிற்கும். அதனால் அம்பாசடரில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு இருந்தது.

ஒரு தம்பி தன் தாத்தாவின் அம்பாசடரோடு வந்தான். பழைய 1489 சிசி என்ஜினை இறக்கிவிட்டு, இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் என்ஜினை அதன் ஐந்து கியர் பாக்ஸோடு ஏற்றி, கொஞ்சம் உசுப்பியும் தர வேண்டும். டிராக் ரேஸ் ஓட்டப் போகிறானாம், நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் பாய்கிற பந்தயம். கால் மைல், அதாவது 402 மீட்டர்.

"என்ஜினை மட்டும் பாருங்கண்ணே, மத்ததெல்லாம் கம்பெனிக் கட்டு, கல்லு மாதிரி இருக்கு" என்றான். நானும் தலையாட்டினேன். என் தப்பு அங்கேதான் ஆரம்பம்.

பட்டறைக்குப் பின்னால் சிமென்ட் தளத்தில் சோதித்தோம். மூவாயிரம் சுற்றில் கிளட்சைப் பட்டென்று விட்டான். வண்டி பாயவில்லை, பின்பக்கம் தடதடவென்று குதித்தது. மூன்றாவது தடவை 'டங்' என்று ஒரு சத்தம். என்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. பின்சக்கரத்தைச் சுற்றவைக்கும் தண்டான ஆக்சில் ஷாப்டை உருவினால் பல் வெட்டிய பகுதி கைமுறுக்கு போலத் திருகி அறுந்திருந்தது. டார்க்குக்கு முறுக்குவிசை என்று பேர் வைத்தவர் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

மேஸ்திரி அந்த ஷாப்டைத் தொடவே இல்லை. குனிந்து தரையைப் பார்த்தார். "ஏப்பா, கோடு ஒண்ணுதான இருக்கு?"

ஆமாம், வலது டயரின் கோடு மட்டும். என்ஜின் பக்கமிருந்து பின்னால் வரும் நீளத் தண்டு, அதாவது புரொப்பெல்லர் ஷாப்ட், தன் முறுக்கில் ஆக்சிலை மூடியிருக்கும் ஹவுசிங்கையும் சேர்த்துத் திருக, வலது சக்கரம் தூக்கலாகிவிடுகிறது. இரண்டு சக்கரத்துக்கும் முறுக்கைப் பிரித்துக் கொடுக்கும் டிபரன்ஷியலும் சாதா வகை. லேசான சக்கரம் சும்மா சுற்றும்.

குதிப்புக்குக் காரணம் கமான் பட்டை, ஆக்சிலைத் தாங்கும் வில் போன்ற இரும்புப் பட்டை. சக்கரம் முன்னால் உருள, ஹவுசிங் பின்னால் திரும்பப் பார்க்கிறது. தடுக்க அங்கே பட்டையைத் தவிர வேறொன்றும் இல்லை. அது பாம்பாக வளையும், டயர் பிடி விட்டதும் நிமிரும், மறுபடி பிடிக்கும். ஒவ்வொரு பிடிப்பும் ஷாப்டுக்கு ஒரு சம்மட்டி அடி. முதல் கியர் மூன்றரை மடங்கு, ஆக்சில் நடுவிலிருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரம் நாலு மடங்கு என்று வைத்தாலே என்ஜினின் முறுக்கு பதினாலு மடங்காகித்தான் ஆக்சிலுக்கு வருகிறது. இதில் அடி வேறு விழுந்தால்?

அமெரிக்காவில் கிரைஸ்லர்காரர்கள் 1960களிலேயே இதைக் கையாண்டதைப் பிற்பாடு படித்தேன். ஆக்சிலைப் பட்டையின் நடுவில் வைக்காமல் முன்னால் தள்ளி வைத்தார்கள். முன்பாதி குட்டையாகி விறைப்பாக நிற்கும். ரேஸ் வண்டிகளுக்கு வலது பட்டையையும் இடது பட்டையையும் வேறு வேறாகவே செய்தார்கள். ஹெமி என்ற தங்கள் பெரிய என்ஜினுக்கு டானா 60 என்ற முரட்டு ஆக்சிலைக் கொடுத்தார்கள்.

எங்களிடம் டானா ஏது? லாரிப் பட்டறை ஊர் இது, பட்டைக்குப் பஞ்சமில்லை. முன்பாதிக்கு மட்டும் அரைப் பட்டை சேர்த்து யூ கிளாம்ப் போட்டு இறுக்கினோம். ஹவுசிங் திரும்பாமலிருக்க இரண்டு பக்கமும் முட்டுக் கம்பி. அப்புறம் புது ஷாப்ட். அழுத்தமான கிளட்ச் வேண்டும் என்று தம்பி அடம்பிடித்தான். அதற்கு மட்டும் மேஸ்திரி இறங்கி வரவில்லை.

"கிளட்ச் வழுக்கட்டும் சாமி. அது தேஞ்சா காசோட போயிரும். ஆக்சில் ஓட்டத்துல போனா?"

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. எங்காவது ஒன்று விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். விலை குறைந்தது விட்டுக்கொடுக்கட்டும். இப்போதெல்லாம் என்ஜின் மாற்ற வருபவர்களிடம் முதலில் டயரைப் பற்றித்தான் கேட்கிறேன், என்ஜின் பேச்சு கடைசியில்.

மறு சோதனையில் தரையில் இரண்டு கோடு விழுந்தது. வலது கொஞ்சம் அழுத்தம். தம்பி ரேஸுக்குப் போனான், ஜெயிக்கவில்லை, ஷாப்டும் உடையவில்லை. ஒரு மாதம் கழித்து வந்தான்.

"அண்ணே, அந்த அரைப் பட்டையக் கழட்டிருங்க. இடுப்பு வலிக்குதுன்னு தாத்தா பின் சீட்டுல உக்கார மாட்டேங்குறாரு."