உப்புக் காற்றில் ஓர் இடுக்கி

ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் கடலுக்குப் பக்கத்தில் பல் மருத்துவமனை வைத்திருக்கும் எனக்கு, நோயாளிகளின் சொத்தைப் பல்லைவிடக் கருவிகளில் ஏறும் துருவே பெரிய கவலை. சென்ற வாரம் பல் பிடுங்கும் இடுக்கி ஒன்றைத் துடைத்தபோது, அதன் கீலருகே குண்டூசி முனையளவில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. துருப்பிடிக்காத எஃகு என்பது பெயருக்குத்தான். அதன் மேலுள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தைத் தண்ணீரிலுள்ள குளோரைடு துளைத்துவிட்டால், அந்த இடத்திலிருந்து அரிப்பு தொடங்கிவிடும். எங்கள் கிணற்று நீரின் உவர்ப்பைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே கடைசி அலசலுக்கும், நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கும் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே பயன்படுத்துகிறேன். 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் 15 நிமிடம் இருந்த கருவிகள் முழுவதும் உலரும்வரை, வெளியே எத்தனை பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், கதவைத் திறக்க உதவியாளரை அனுமதிப்பதில்லை. காற்றழுத்தத்தில் சுழன்று பல்லைக் குடையும் ஏரோட்டருக்கு, ஆட்டோகிளேவுக்குள் வைக்கும் முன்பே எண்ணெய் விட்டுவிடுவோம்.

ஏரோட்டருக்கு அழுத்தக் காற்று தரும் கம்பிரசர் தொட்டியின் அடிக்குழாயை இரவில் திறந்தால், ஐப்பசி மழைக்காலத்தில் கலங்கிய நீர் சீறிக்கொண்டு வருகிறது. வடிக்காமல் விட்டால் அந்த ஈரம் காற்றோடு சென்று ஏரோட்டரின் பேரிங்கைக் கெடுத்துவிடும். புள்ளி விழுந்த இடுக்கியை ஒதுக்கிவிட்டு, புதியதற்குச் சொல்லியிருக்கிறேன்.