முன்னாடியே இருந்துச்சு சார்!

சர்வீஸுக்கு விட்ட காரை எடுக்கப் போகும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். வண்டி எப்போதும் ஈரமாகத்தான் நிற்கும். மணியும் சாயங்காலம் ஆறரையைத் தாண்டித்தான் இருக்கும். இது தற்செயல் என்று நம்புகிறவர்கள் நல்ல மனசுக்காரர்கள். தண்ணீர் படிந்த பெயிண்டில் மெல்லிய கீறல் தெரியாது. டியூப்லைட் வெளிச்சத்தில் ஒடுங்கல் தெரியாது. மறுநாள் காலையில் கோலம் போட வெளியே வரும் அம்மாதான் முதலில் பார்ப்பார். "ஏன்டா, வண்டிய எங்க கொண்டுபோய் இடிச்ச?"

இடித்தது நாம் இல்லை என்று அம்மாவை நம்பவைப்பதே பெரும்பாடு. சர்வீஸ் அட்வைசரை நம்பவைப்பது அதைவிடப் பெரும்பாடு. அவர் குனிந்து பார்ப்பார். கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். நிமிர்ந்து, டாக்டர் ரிப்போர்ட் படித்துச் சொல்கிற குரலில் சொல்வார்: "இது முன்னாடியே இருந்துச்சு சார்."

கடலூரானாலும் புதுச்சேரியானாலும், கம்பெனி ஷோரூமானாலும் வேப்பமரத்தடி மெக்கானிக்கானாலும், இந்த வாசகம் மாறாது. இதற்குப் பதில் சாயங்காலம் கிடைக்காது, காலையிலேயே கையில் இருந்தாக வேண்டும். மஞ்சக்குப்பத்து ஆபீஸுக்கு நேரமாச்சு என்று சாவியை நீட்டிவிட்டு ஷேர் ஆட்டோ ஏறுகிறோமே, கேஸ் தோற்பது அந்த இடத்தில்தான்.

வண்டியை விடும்போது எழுதும் சீட்டான ஜாப் கார்டில் காரை மேலிருந்து பார்த்த மாதிரி ஒரு படம் இருக்கும். சின்னப்பிள்ளை வரைந்த ஆமை போலத் தெரிந்தாலும் அது நம் கார்தான். ஏற்கெனவே உள்ள கீறல்களை அதில் குறிக்க வேண்டும். அட்வைசர் காரைச் சுற்றியே வராமல், ஆமையின் நாலு பக்கமும் நாலு பெருக்கல் குறி போட்டு, "சைன் பண்ணுங்க சார்" என்பார். பண்ணினால், வரும்போதே நாலு பக்கமும் அடிவாங்கி வந்த வண்டி என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். உள்ள கீறலுக்கு மட்டும், உள்ள இடத்தில் மட்டும் குறி. கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, ஸ்டெப்னி, ஜாக்கி, தரைவிரிப்பு எல்லாம் எழுதியிருக்கிறதா பாருங்கள். "மாற்றிய பழைய உதிரிகளைத் திருப்பித் தரவும்" என்று ஒரு வரியை நம் கையாலேயே சேர்ப்பது நல்லது. கையோடு ஒரு நகலும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வீடியோ. இரண்டு நிமிஷம், நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டம். முதலில் என்ஜின் ஓடும்போது மீட்டர் பலகை: கிலோமீட்டர், பெட்ரோல் முள், எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை என்பது. பிறகு வெளியே இறங்கி ஒரு சுற்று. போனைக் கதவுக்கு நேராகப் பிடித்தால் ஒடுங்கல் பதியாது. சாய்வாகப் பிடித்தால் எதிரே இருக்கும் சுவரின் பிம்பம் பெயிண்டில் வளைவது தெரியும், அங்கேதான் ஒடுங்கல். முன் பம்பரின் அடி உதடு, நாலு சக்கர ரிம், கதவுகளுக்குக் கீழே ஓடும் மடிப்புத் தகடு, இந்த மூன்றும்தான் பணிமனையில் அதிகம் அடிபடுபவை. நாமும் அதிகம் எடுக்க மறப்பவை. எடுத்த வீடியோவை அங்கேயே நின்று அட்வைசரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். அனுப்பிய நேரம் இரண்டு போனிலும் பதியும். நீலக் குறி இரண்டும் விழுந்த பிறகு ஆட்டோ ஏறலாம்.

இப்போது கிலோமீட்டர் கதை. சர்வீஸ் முடிந்து டிரையல் பார்க்க மூன்று, மிஞ்சினால் ஐந்து கிலோமீட்டர் போதும். கடலூரில் விட்ட வண்டியில் ஐம்பதை ஒட்டிக் கூடியிருந்தால் அந்த எண்ணுக்கு இந்த ஊரில் ஒரே பொருள்தான்: புதுச்சேரி போய்த் திரும்பிய தூரம். சஸ்பென்ஷன் சத்தம் ஆல்பேட்டை தாண்டி, புதுச்சேரி எல்லையான முள்ளோடையும் தாண்டினால்தான் கேட்கும் போலிருக்கிறது. சீட்டுக்கு அடியில் காலி ஊறுகாய் பாக்கெட் கிடந்தால் டிரையல் சிறப்பாக நடந்திருக்கிறது. பெட்ரோல் அங்கே விலை குறைவு, நிரப்பிக்கொண்டு வந்திருப்பார்கள் என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். சிரிப்பு ஒருபக்கம் இருக்க, ஜாப் கார்டில் எழுதிய எண்ணுக்கும் டெலிவரி எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் நல்ல சாட்சி. வண்டி வளாகத்தை விட்டு நகரவே இல்லை என்ற வாதத்தை அது ஒன்றே முடித்துவிடும்.

கீறல் பழசா புதுசா என்பதை ஓரளவு படிக்க முடியும். தகடு வரை இறங்கிய காயத்தில் பழுப்பு ஏறியிருந்தால் பழசு. உப்புக்காற்று அடிக்கிற நம் ஊரில் பூச்சில்லாத இரும்பு ஓரிரு நாளிலேயே பழுப்பேறத் தொடங்கும். தகடு வெள்ளியாக மின்னி, ஓரங்களில் பெயிண்ட் பொறுக்கு நிமிர்ந்து நின்றால் புதுசு என்று சந்தேகப்படலாம். ஆனால் துத்தநாகப் பூச்சுள்ள தகடு சீக்கிரம் துருப்பிடிக்காது. பம்பர் பிளாஸ்டிக், அது துருப்பிடிக்கவே போவதில்லை. அதனால் துருவை மட்டும் நம்பிச் சண்டைக்கு இறங்க வேண்டாம்.

இன்னும் நல்ல சாட்சி ஒட்டியிருக்கும் நிறமும் உயரமும்தான். கீறலில் மஞ்சள் தீற்றல் தெரிந்தால் அளவு டேப்பை எடுங்கள். தரையிலிருந்து கீறல் 58 சென்டிமீட்டர். அவர்கள் வண்டி தூக்கும் லிஃப்டின் மஞ்சள் தூணில் 58 சென்டிமீட்டர் உயரத்தில் உங்கள் காரின் சிவப்பு. இரண்டையும் டேப்போடு சேர்த்துப் படம் எடுத்துக் காட்டினால் "முன்னாடியே இருந்துச்சு" கொஞ்சம் சுருதி இறங்கி, "பாலிஷ் போட்டா போயிடும் சார்" ஆகும்.

அதைவிட மோசம், இடித்துவிட்டுச் சொல்லாமல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிடுவது. ஜன்னல் ரப்பர் பீடிங்கில் பெயிண்ட் தூசி, கதவு மடிப்பின் உள்ளே டேப் ஒட்டிய கோடு, ஆரஞ்சுத் தோல் போல் சொரசொரப்பு, தின்னர் வாடை, இவை காட்டிக்கொடுக்கும். சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். இரும்புத் தகட்டில் கனமாகப் பட்டி இருந்தால் பிடிக்காது.

வெளிக்காயமாவது கண்ணுக்குத் தெரியும். பயப்பட வேண்டியது அடிப்பக்கத்தில். என்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்பின் அடியில், பழைய ஆயிலை வடிக்க ஒரு போல்ட் இருக்கிறது. பெரும்பாலான சின்னக் கார்களுக்கு அதை 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் போதும். ஒரு கையால் ஸ்பேனரைப் பிடித்து இறுக்குகிற அளவுதான். காற்றழுத்தத்தில் சுழன்று இறுக்கும் கன்னை வைத்து 'டர்ர்' என்று அடித்தால் அலுமினியச் சம்பின் மரை போய்விடும். அடித்த பையனுக்கும் அது தெரியாது. அடுத்த சர்வீஸில் கழற்றும்போது இன்னொருவர் தலையில் விழும். போல்ட்டோடு போகும் வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். சில பத்து ரூபாய்ச் சாமான், அதில்தான் சிக்கனம் பிடிப்பார்கள். ஆயில் ஃபில்டரின் பழைய ரப்பர் வளையம் சில சமயம் என்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். பார்க்காமல் அதன்மேல் புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு வளையம். கொஞ்ச தூரம் சும்மா இருந்துவிட்டு, ஆயில் அழுத்தத்தில் ஒரு வளையம் பிதுங்கி, மொத்த ஆயிலும் சாலையில்.

அப்போது மீட்டரில் சிவப்பாக எண்ணெய்க் குவளை விளக்கு எரியும். புதுச்சேரி சாலையில் கிருமாம்பாக்கத்தில் எரிந்தால் "கன்னியக்கோயில் வரை போயிடலாம், அங்க மெக்கானிக் இருக்கார்" என்று ஓட்டாதீர்கள். உடனே ஓரங்கட்டி அணைத்துவிட்டு டோயிங் வண்டியைக் கூப்பிடுங்கள். என்ஜின் போவது ஒருபுறம். "விளக்கு எரிஞ்சும் ஓட்டினது யாரு சார்?" என்ற கேள்வி மறுபுறம். அந்தக் கேள்விக்கு வழக்கில் நிஜமாகவே எடை உண்டு.

சக்கர நட்டுகளும் அப்படியே. சின்னக் கார்களுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். கன்னாலேயே முடித்தால் நட்டு ஏறும் ஸ்டட் நீண்டு பழுதாகும், பஞ்சர் அன்று ராத்திரி எந்த ஸ்பேனருக்கும் நட்டு அசையாது. முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சால் முடிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஜாக்கியைத் தப்பான இடத்தில் வைத்தால் அந்த மடிப்புத் தகடு வளைந்து பூச்சு உடைந்து, மழைக்காலம் முடிவதற்குள் துரு வந்துவிடும். என்ஜினுக்கு அடியில் மாட்டும் அண்டர் கவரின் கிளிப்புகளில் பத்துக்கு ஆறு மட்டும் திரும்பி வருவது ஒரு மரபு. மேட்டில் ஏறி இறங்கும்போது கடகடவென்று கேட்டால் மீதி நாலை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டைத் தாண்டும் முன் சமதரையில் வண்டியை அணைத்து ஐந்து நிமிஷம் பொறுத்து டிப்ஸ்டிக் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்க வேண்டும். மேல் குறியைத் தாண்டினால் அதுவும் கெடுதல்தான், ஆயில் நுரைத்துவிடும். அன்று ராத்திரி என்ஜினுக்கு அடியில் பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் தேன் நிறமோ கறுப்போ என்றால் ஆயில். பச்சை, சிவப்பு என்றால் பெரும்பாலும் கூலன்ட். வெறும் தண்ணீர் என்றால் ஏ.சி. தண்ணீர், அதற்காகக் காலை ஆறு மணிக்கு அட்வைசரை எழுப்ப வேண்டாம்.

சேதம் உறுதியானதும் கத்தத் தோன்றும். கிரீஸ் கையோடு நிற்கும் பையனிடம் கத்தாதீர்கள். நஷ்டத்தை அவன் சம்பளத்தில் பிடித்துவிட்டு முதலாளி கைகழுவிக்கொள்வார். ஒர்க்ஸ் மேனேஜரைக் கேளுங்கள். திருப்தி என்று அச்சடித்த சீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். பில்லைக் கட்டாமல் வண்டியை எடுத்துவர முடியுமா? 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவுப்படி, செய்த வேலைக்குக் கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆகவே கட்டுங்கள். கட்டும்போது பில்லின் இரண்டு பிரதியிலும் "சேதம் குறித்த ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது" என்று எழுதித் தேதி போடுங்கள். அன்றைக்கே மின்னஞ்சலில் சேதம், படங்கள், கூடவே பணிமனைக் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கும்படி ஒரு வரி. பதிவுப் பெட்டி நிரம்பினால் பழையதன் மேலேயே புதியது பதிந்துவிடும்.

"வண்டிகள் உரிமையாளரின் பொறுப்பிலேயே விடப்படுகின்றன" என்று ஒரு போர்டு மாட்டியிருப்பார்கள். அதே சட்டத்தின் 151-வது பிரிவு, தன் பொருளைச் சாதாரண அறிவுள்ளவன் எவ்வளவு கவனமாகப் பார்ப்பானோ அவ்வளவு கவனத்தோடு ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பார்க்கச் சொல்கிறது. ஓட்டல் ஊழியரிடம் நிறுத்தக் கொடுத்த கார் திருடுபோன வழக்கில், தன் கவனக்குறைவுக்கான பொறுப்பை இப்படி ஒரு வாசகத்தால் ஓட்டல் தட்டிக்கழிக்க முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

போர்டு பலிக்கவில்லையென்றால் வருவது தேன் தடவிய யோசனை. "உங்க இன்சூரன்ஸ்லயே போட்டுக்கலாம் சார், உங்களுக்கு ஒரு பைசா செலவில்ல." இதற்கு மட்டும் தலையாட்டவே கூடாது. முதலில், வண்டியை நீங்கள் ஓட்டி இடித்ததாகப் படிவத்தில் பொய் எழுத வேண்டும். இரண்டாவது, 1500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் கட்டாயமாக நம் கையிலிருந்து போகும். மூன்றாவதுதான் பெரிய அடி: கிளெய்ம் எடுக்காத வருஷங்களுக்குச் சேர்ந்த தள்ளுபடி பறிபோகும். 20, 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதத்தில் நிற்பவர், தள்ளுபடியைக் காக்கத் தனி காப்பு எதுவும் எடுத்திருக்காவிட்டால், பூஜ்யத்துக்கு வந்துவிடுவார். தள்ளுபடிக்கு முன் சொந்தச் சேதப் பிரீமியம் 10,000 ரூபாய் என்றால் அடுத்த வருஷமே 5,000 கூடுதல். திரும்ப ஐம்பதைத் தொட ஐந்து வருஷம். அவர்கள் தூணில் இடித்ததற்கு நாம் தவணை கட்டுகிற கதை. பணிமனைகளுக்கென்றே தனி இன்சூரன்ஸ் உண்டு, அதில் போடச் சொல்லுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பிறகு 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். வேறொரு மெக்கானிக்கிடம் சேதத்தின் காரணத்தையும் செலவையும் எழுதி வாங்கி வைத்திருந்தால் வேலை சுலபம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். கொடுத்த கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நமக்கென்றே எழுதின மாதிரி ஒரு வசதி: புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். புதுச்சேரிப் பணிமனை இடித்தாலும் கடலூர்க்காரர் கடலூரிலேயே போடலாம். இந்த முறை பாலம் தாண்டி வர வேண்டியது அவர்கள்.

எலியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது கோபித்துக்கொள்ளும். ஒயர் அறுந்தால் "எலி கடிச்சிருக்கு சார்." கடித்திருந்தால் உறையில் பல் தடம் சொரசொரவென்று இருக்கும், பக்கத்தில் புழுக்கையும் கிடக்கும். வெட்டு நேர்க்கோடாக இருந்தால் அந்த எலி கையில் கட்டிங் பிளையர் வைத்திருக்கிறது.

மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து போன் வரும், பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்க. அதற்கு முந்தைய நாளே அட்வைசரிடமிருந்து வாட்ஸ்அப் வந்திருக்கும்: "சார் பத்து போட்டுடுங்க சார், ப்ளீஸ்." அந்த மதிப்பெண் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பது அந்த இரண்டு 'சார்'களிலேயே தெரியும். பாக்கி வேலை இருந்தால் முடித்துத் தரச் சொல்ல இதைவிட நல்ல நாள் இல்லை.

அதே வாரத்தில் பக்கத்து சீட்டிலிருந்து ஒரு குரல் எழும். "என்னங்க, சர்வீஸ் விட்டு வந்ததுலேர்ந்து ஏ.சி.யில காத்தே வரல?" பெரும்பாலான கார்களில் ஏ.சி. ஃபில்டர் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கும். பெட்டியின் இரண்டு பக்கத்தையும் உள்பக்கமாக அமுக்கி இறக்கி, மூடியைக் கழற்றி ஃபில்டரை வெளியே இழுங்கள். புத்தம் புதுசு. பாலித்தீன் உறையைக்கூடப் பிரிக்காமல் அப்படியே சொருகியிருப்பார்கள். படம் எடுத்து அனுப்புங்கள். பில்லில் அதே தேதியில் "ஏ.சி. ஃபில்டர், புதிது, 1" என்று அவர்களே அச்சடித்திருப்பதால், முன்னாடியே இருந்துச்சு என்று சொல்ல வாய் வராது.