சித்தப்பாவோட அமெரிக்க அரசியல்

எங்க சித்தப்பா மும்பை மாட்டுங்காவுலயே பொறந்து வளர்ந்தவர். 1966-ல சிவசேனா ஆரம்பிச்சு தென்னிந்தியர்களுக்கு எதிரா கோஷம் போட்டதெல்லாம் அவருக்கு நல்லா ஞாபகம், வந்தேறின்னா என்னன்னு நாம சொல்லித் தர வேண்டியதில்ல. அப்படிப்பட்டவர் நியூஜெர்சில இருக்குற பையன்கிட்ட வீடியோ கால்ல "பார்டரை மூடுனா என்னடா தப்பு, நீயெல்லாம் விசா வரிசைல நின்னு போனவன்"னு கத்துவார், எனக்கு சிரிப்பா வரும்.

அவரை மட்டும் சொல்லி என்ன பண்ண. அங்க போன நம்மாளுங்க வீட்டுக்குள்ள ஜாதகம், ஜாதி, "டாக்டருக்கு படி"ன்னு இருப்பாங்க, ஓட்டுன்னு வந்தா பெரும்பாலும் டெமாக்ரட் பக்கம். அங்க இருக்குற ஆசியர்கள் எப்பவும் அப்படி இல்ல, 1992-ல பாதிக்கு மேல ரிபப்ளிகன் கட்சி அப்பா புஷ்ஷுக்குத்தான் போட்டாங்க, 2012-ல பாத்தா எக்ஸிட் போல்ல 73 சதவீதம் டெமாக்ரட் ஒபாமாவுக்கு. வியட்நாம்காரங்க கதை வேற, 1975-ல சைகோன் விழுந்தப்புறம் கம்யூனிஸ்டுகளுக்கு பயந்து ஓடி வந்தவங்க, அதனால ரிபப்ளிகன் பாசம் ஜாஸ்தி. நம்மாளுங்க 1965 குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்ததும் டிகிரியோட போனவங்க, அவங்க கவலை வேற.

2023-ல ஹார்வர்ட் யுனிவர்சிட்டி கேஸ்ல, அட்மிஷனுக்கு இனத்தைப் பாக்கக் கூடாதுன்னு தீர்ப்பு வந்தப்போ சித்தப்பா ஸ்வீட் வாங்காத குறைதான், இங்க கோட்டாவை திட்டுற அதே டயலாக்! டெமாக்ரட் கமலா ஹாரிஸும் நம்ம பொண்ணு, ரிபப்ளிகன் விவேக் ராமசாமியும் நம்ம பையன்ம்பார். ரெண்டு பேர் கொள்கையும் ஒண்ணுக்கொண்ணு ஆகாதேன்னா, "அதெல்லாம் அங்க பாத்துப்பாங்க"ன்னு காபியை ஆத்த ஆரம்பிச்சுடுவார்.