தலையைக் கவிழ்த்துக்கொண்டு கை தூக்குங்கள்

போன வருடம் ஒரு தேர்தல் நடத்தினேன். பஞ்சாயத்துத் தேர்தல் இல்லை. தொடர்பியல் அறம் பற்றி, அதாவது ஊடகத்தில் எது சரி, எது தப்பு என்பது பற்றி, ஆராய்கிற ஒரு சர்வதேசக் குழுவின் தேர்தல். மொத்தம் 61 ஓட்டு. அதில் நான் பண்ணிய கூத்தை இன்றைக்காவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆட்களைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகச் சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். எண்ணிக்கையை மட்டும் மாற்றவில்லை.

எங்கள் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விஷயம். ஊடக ஆய்வு செய்கிறவர்களுக்கு உலக அளவில் பெரிய சங்கங்கள் இருக்கின்றன. 1950இல் அமெரிக்காவில் தொடங்கிய ஐசிஏ ஒன்று. 1957இல் யுனெஸ்கோவின் ஆதரவோடு பாரிஸில் தொடங்கிய ஐஏஎம்சிஆர் இன்னொன்று. 2014இல் ஐஏஎம்சிஆர் மாநாடு ஹைதராபாத்தில் நடந்தபோது நான் நெல்லையிலிருந்து ரயிலேறிப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். இந்த மாதிரிச் சங்கங்களுக்குள் சின்னச் சின்னக் குழுக்கள் இருக்கும். விளம்பரம் பற்றி ஒன்று, வானொலி பற்றி ஒன்று, அறம் பற்றி ஒன்று என்று. ஒவ்வொன்றுக்கும் தலைவர், துணைத்தலைவர் உண்டு. நான் சொல்லப்போகிற குழு எந்தச் சங்கத்தில் இருக்கிறது என்பதை மட்டும் கேட்காதீர்கள்.

தலைவருக்குச் சம்பளம் கிடையாது. வருகிற ஆய்வுச்சுருக்கங்களை எல்லாம் படிக்க வேண்டும், மதிப்பிட ஆள் பிடிக்க வேண்டும், பிடித்த ஆளுக்கு நாலு தடவை நினைவூட்ட வேண்டும், மாநாட்டில் எந்தக் கட்டுரை எந்த அமர்வு என்று அடுக்க வேண்டும். கடைசி நாள் மத்தியானம், எல்லாருக்கும் பசி வந்த நேரத்தில், குழுக் கூட்டத்தையும் நடத்த வேண்டும். அதனால் பெரும்பாலும் போட்டியே இருக்காது. எங்கள் ஊர் பாஷையில் சொன்னால் 'அன்னபோஸ்ட்'. பழைய தலைவர் ஒருவரைக் கைகாட்டுவார், நாங்கள் கைதட்டுவோம், சாப்பிடப் போய்விடுவோம்.

ஆனால் அந்தப் பதவியில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. எந்தக் கட்டுரை உள்ளே வரும், எது வெளியே போகும் என்பது அந்த நாற்காலியில்தான் முடிவாகிறது. அறம் என்று வந்துவிட்டால் அது லேசான விஷயம் இல்லை. மேற்கே படித்த ஒருவருக்கு அற ஆய்வு என்றால் அரிஸ்டாட்டில், கான்ட், மில். 'பிறர் இருப்பதால்தான் நான் இருக்கிறேன்' என்கிற ஆப்பிரிக்காவின் உபுண்டுவை வைத்துக் கட்டுரை எழுதினால், 'சுவாரஸ்யமாக இருக்கிறது, ஆனால் கோட்பாட்டு அடித்தளம் போதாது' என்று மதிப்பீடு வரும். எனக்கே வந்திருக்கிறது. கொலைகாரன் வாசலில் நின்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் கான்ட் எழுதியதையும், குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மைக்குச் சமம் என்கிற வள்ளுவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கட்டுரை அனுப்பினேன். 'இந்த இரண்டாவது சிந்தனையாளர் ஏன் முக்கியமானவர் என்று விளக்கவும்' என்று ஒருவர் குறிப்பு எழுதியிருந்தார். முதலாமவருக்கு விளக்கம் கேட்கவில்லை.

இது புதுச் சண்டையும் இல்லை. உலகச் செய்தி யார் கையில் இருக்கிறது என்று 1970களில் யுனெஸ்கோவில் பெரிய ரகளையே நடந்தது. அயர்லாந்துக்காரர் ஷான் மக்பிரைட் தலைமையில் 16 பேர் கொண்ட ஆணையம் போட்டார்கள். இந்தியாவிலிருந்து பத்திரிகையாளர் பி.ஜி. வர்கீஸ், கொலம்பியாவிலிருந்து நாவலாசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் எல்லாம் அதில் இருந்தார்கள். உலகச் செய்தியில் எல்லா நாடுகளுக்கும் சமமான இடம் வேண்டும் என்று 1980இல் அறிக்கை வந்தது. 1984 முடிவில் அமெரிக்கா யுனெஸ்கோவை விட்டே வெளியேறியது, அடுத்த வருடம் பிரிட்டன். அத்தனை பெரிய சண்டையின் சின்னக் குட்டி ஒன்று எங்கள் 61 பேருக்குள் ஓடிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன முறை தலைவர் பதவிக்கு இரண்டு பேர் மனு போட்டார்கள். ஒருவர் வட ஐரோப்பியர். நல்ல துறை, நல்ல பணவசதி, பழகவும் இனிமையானவர். இன்னொருவர் கிழக்கு ஆப்பிரிக்கப் பெண்மணி. எனக்கு ஏழெட்டு வருடப் பழக்கம். அவர் எழுதுகிற மின்னஞ்சலில் 'அன்புள்ள' என்று ஆரம்பித்தால் உண்மையிலேயே அன்பு இருக்கும். இரண்டு பேருக்கும் நெருக்கமில்லாத மூன்று பேரைத் தேர்தல் அலுவலர்களாகப் போட வேண்டும் என்றார்கள். நான் அந்த அம்மாவுக்கு நெருக்கம் என்று எழுதினேன். "எல்லாருமே யாருக்காவது நெருக்கம்தானே, பரவாயில்லை" என்று பதில் வந்தது. அங்கேயே விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதுதான் நிஜம்.

வேட்பாளர்களோடு உறுப்பினர்கள் பேச ஒரு இணையவழிக் கூட்டம் வைத்தோம். எல்லாருக்கும் ஒத்துவருகிற நேரம் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. நமக்குச் சாயங்காலம் 6.30 என்றால் நைரோபியில் 4 மணி, சாவோ பாவ்லோவில் காலை 10, மெல்பர்னில் ராத்திரி 11. மெல்பர்ன்காரர் பைஜாமாவோடு வந்தார். எனக்குச் சரியாக 6.40க்குக் கரண்ட் போனது. போன் டேட்டாவில் பாதி முகமும் பாதி குரலுமாக நடத்தினேன்.

கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "அடுத்த மூன்று மாநாட்டுக்கும் நேரில் வர முடியும் என்று இருவரும் உறுதி சொல்ல முடியுமா?" கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஐரோப்பியர் "கண்டிப்பாக" என்றார், மூன்று விநாடியில் முடிந்தது. அந்த அம்மா கொஞ்சம் நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அதை என்னிடம் கேட்டால் எப்படி? தூதரகத்தில் அல்லவா கேட்க வேண்டும்?" என்றார். நான்கைந்து பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு ஒரு முறை விசா மறுத்திருக்கிறார்கள். 'திரும்பிப் போவார் என்று நம்பக் காரணம் இல்லை' என்கிற தொனியில் ஒரு கடிதம். வீட்டுக்காரர், பையன், மாமியார், கல்லூரி வேலை, 18 வருட வீட்டுக்கடன், இத்தனையும் காரணமாகப் போதவில்லை போல. என் கட்டுரையை வேறு யாரோ வாசித்தார்கள். வள்ளுவர் பெயரை அவர் எப்படி உச்சரித்தாரோ!

துணைத்தலைவர் பதவிக்கு இரண்டு இடம், மூன்று பேர் போட்டி. விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என்று போட்டு, அதற்கேற்ப மதிப்பெண் கொடுத்துக் கூட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் போர்தா சொன்ன முறை. அதில் ஒரு ஓட்டை உண்டு: பிடித்தவரை ஜெயிக்க வைக்க, பலமான எதிராளியை வேண்டுமென்றே கடைசியில் தள்ளிவிடலாம். இதைச் சுட்டிக்காட்டியபோது, "என் முறை நேர்மையானவர்களுக்கு மட்டும்தான்" என்று போர்தா சொன்னதாக ஒரு கதை உண்டு. எங்கள் குழுவில் ஒருவர் இதை எடுத்துவிட்டு, "நாம் அறக் குழுதானே, நமக்கு இது பொருந்துமா பொருந்தாதா?" என்று கேட்டார். ஒரு வாரம் மின்னஞ்சலில் அடித்துக்கொண்டோம். கடைசியில் ஆளுக்கு இரண்டு டிக் என்று முடிந்தது.

சரி, கூத்துக்கு வருகிறேன்.

ஓட்டுப் படிவம் தயாரிக்கிற வேலை என்னுடையது. வழக்கமாக இன்டர்னல் மார்க்குக்கும் மாணவர் கருத்துக் கேட்பதற்கும் நான் பயன்படுத்துகிற அதே ஆன்லைன் படிவத்தின் நகலை எடுத்து, கேள்விகளை மட்டும் மாற்றி அனுப்பினேன். மேலே கொட்டை எழுத்தில் 'இது ரகசிய வாக்கெடுப்பு' என்று வேறு போட்டேன். மாணவர் படிவத்தில் மின்னஞ்சல் முகவரியைத் தானாகப் பதிவு செய்கிற அமைப்பை எப்போதும் போட்டு வைத்திருப்பேன், இல்லாவிட்டால் ஒருவனே நாலு தடவை அனுப்புவான். அதை எடுக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை. ஒரு கையில் தோசைத் திருப்பி. எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கலாமே என்று போனில் திறந்தேன். 14 வரிசை. முதல் பத்தியில் நேரம். இரண்டாவது பத்தியில் மின்னஞ்சல். மூன்றாவது பத்தியில் பெயர், யாருக்குப் போட்டார்களோ அந்தப் பெயர். உடனே மூடியிருக்கலாம். மூடவில்லை. ஒரு நிமிடம் இருக்கும், முழுதாகப் படித்துவிட்டேன். தோசை தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் போனைக் கவிழ்த்தேன்.

அன்றைக்குப் பூராவும் மனசு வாதாடிக்கொண்டே இருந்தது. வேறு யாருக்கும் தெரியாது. அமைப்பை மாற்றிவிட்டு, அந்தப் பத்தியை அழித்துவிட்டால் முடிந்தது. யாருக்கும் நஷ்டமில்லை, குழுவுக்கும் கெட்ட பெயர் இல்லை. நன்மை தருகிற பொய். என் கட்டுரையின் இரண்டாவது சிந்தனையாளர் இவ்வளவு வசதியாக உதவிக்கு வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் 'குற்றமில்லாத' நன்மை என்று ஒரு சொல்லை முன்னால் வைத்திருக்கிறார். அதை ஆங்கிலத்தில் எப்படி மொழிபெயர்ப்பது என்று நான்தான் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது பையனிடம் சொன்னேன். எட்டாம் வகுப்பு படிக்கிறான். "எங்க கிளாஸ் லீடர் எலெக்‌ஷன்லயே எல்லாரும் தலையக் கவுத்துக்கிட்டுதாம்மா கை தூக்கணும். நிமிந்து பாத்தா ரவி சார் குட்டுவாரு" என்றான். "சாரே பாத்துட்டா?" என்று கேட்டேன். "சார் எண்ணணும்ல" என்று சொல்லிவிட்டு ரசத்தைக் கேட்டான்.

அதுதான் சிக்கலே. எண்ணுகிறவர் பார்க்கத்தான் செய்கிறார். ஆனால் ரவி சாருக்கு லீடர் யாரானாலும் ஒன்றுதான். எனக்கு அப்படி இல்லை. அந்த அம்மாவுக்கு யார் போடவில்லை என்பது இப்போது எனக்குத் தெரியும், அதில் இரண்டு பேரை அவருடைய நண்பர்கள் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் மற்ற இரண்டு அலுவலர்களுக்கும் எழுதினேன். ஒருவர், "தொழில்நுட்பக் கோளாறு என்று அறிவிக்கலாமே" என்றார். கோளாறு தொழில்நுட்பத்தில் இல்லை, அமைப்பு எப்படி வைத்தேனோ அப்படித்தான் அது வேலை செய்தது. 61 பேருக்கும் நானே எழுதினேன்: தவறு என்னுடையது, 14 வாக்குகளைப் பார்த்துவிட்டேன், அவை செல்லாது, மறுவாக்கெடுப்பை என் பங்கில்லாமல் மற்ற இருவர் நடத்துவார்கள், அந்தப் படிவத்தை அழித்துவிட்டேன். 'பார்த்துவிட்டேன்' என்பதற்கு முதலில் 'பார்க்க நேர்ந்தது' என்று எழுதி, அப்புறம் மாற்றினேன்.

பதில்கள் விதவிதமாக வந்தன. "இதை வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்போகிறேன்" என்று ஒருவர். பாராட்டா நக்கலா தெரியவில்லை. ஒருவர் மட்டும், "அப்படியானால் நான் யாருக்குப் போட்டேன் என்று உனக்குத் தெரியும்?" என்று ஒற்றை வரி எழுதினார். ஆமாம் என்று பதில் போட்டேன். வேறு என்ன எழுதுவது?

மறுவாக்கெடுப்பில் யார் போட்டார்கள் என்பது ஒரு பட்டியலில் இருக்கும், யாருக்குப் போட்டார்கள் என்பது தனியாக இருக்கும், இரண்டையும் சேர்க்க முடியாது. 39 பேர் போட்டார்கள். 20க்கு 19. அந்த ஐரோப்பியர் ஜெயித்தார்.

முடிவோடு வாக்களித்தவர்கள் பட்டியலும் எல்லாருக்கும் வந்தது. முதல் 14 பேரில் மூன்று பேர் பெயர் அதில் இல்லை. சலித்துப்போனார்களோ, கடைசி நாளை மறந்தார்களோ, என் மேல் கோபமோ. அந்த மூன்று பேரும் முதலில் யாருக்குப் போட்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை, அவர் இரண்டு தடவை கேட்டார்.

அந்த அம்மா எனக்கு எழுதியிருந்தார். 'அன்புள்ள' என்றுதான் ஆரம்பித்திருந்தார். நான் செய்தது சரி என்றும், அடுத்த மாநாட்டில் பார்ப்போம் என்றும், விசா கிடைத்தால், என்றும் இருந்தது. நீ பார்த்த 14இல் எனக்கு எத்தனை என்று அவர் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று பயந்து அவருடைய மின்னஞ்சலை இரண்டு நாள் திறக்காமல் வைத்திருந்தேன்.

அப்புறம் புதுத் தலைவருக்கு வாழ்த்துக் கூட்டம், மறுபடி 6.30 மணி. இந்த முறை கரண்ட் போகவில்லை. எல்லாரும் இரண்டு வரி பேசினார்கள். ஒருவர் எழுந்து, "முதல் நாளிலிருந்து என் ஓட்டு உங்களுக்குத்தான்" என்றார். எனக்குத் தெரிந்து முதல் நாள் அப்படி இல்லை. இரண்டாவது தடவை மனசு மாறிப் போட்டிருக்கலாம், யார் கண்டது. அவர் பேசி முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். என் கேமரா ஆனில் இருந்தது. நானும் தட்டினேன்.