பித்தளைத் தகட்டின் அளவு

ஜெனீவா பழைய நகரத்தில் கட்டிடப் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குப் பெரிய தலையிடி, வாசலைக் கண்டுபிடிப்பதுதான். வேலைச்சீட்டில் ஒரு தனியார் வங்கியின் பெயர் இருக்கும். தெருவில் போய் நின்றால் வங்கி மாதிரி ஒன்றுமே தெரியாது. சாம்பல் நிற மணற்கல் சுவர், கனத்த மரக்கதவு, அழைப்புமணிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுகூட இல்லாத பித்தளைத் தகடு. அதிலும் முழுப்பெயர் கிடையாது, முதலெழுத்துகள் மட்டும். அதைத் துடைத்துப் பளபளப்பாக வைப்பதும் எங்கள் வேலைதான். துடைக்கத் துடைக்க எழுத்துத் தேய்ந்துகொண்டே வரும். ஆனால் மாற்றவேண்டாம் என்பார்கள். தேய்ந்திருந்தால்தான் பழைய இடமாம்.

கதவுக்கு உள்ளே கதை வேறு. பளிங்குப் படிக்கட்டு, தங்கப்பூச்சு விட்டம், பாட்டன் பூட்டன்மாரின் எண்ணெய் ஓவியங்கள். வெப்பமூட்டிகூடக் கண்ணில் படக்கூடாது என்று செதுக்கிய ஓக் பலகைக்குப் பின்னால் ஒளித்திருப்பார்கள். ஒரு வால்வைத் திறக்க, கையுறை போட்டுக்கொண்டு அந்தப் பலகையைக் கழற்றி, கம்பளிப் போர்வையில் கிடத்தவேண்டும். கூட வேலை செய்த யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்கட ஆக்கள் எண்டா காசை வாசல்லதான் கொட்டுவாங்கள் தம்பி. இவங்கள் ஒளிச்செல்லோ வைச்சிருக்கிறாங்கள்!"

இந்த ஊரில் இதைக் கால்வின் விட்டுப்போன அடக்கம் என்று பெருமையாகச் சொல்வார்கள். எளிமையாக வாழச் சொன்ன புரட்டஸ்தாந்து மதத் தலைவர் அவர். பாதி சரி. 1535இல் சென் பியேர் பேராலயத்துச் சிலைகளையும் பலிபீடங்களையும் உடைத்து அகற்றினார்கள். அடுத்த வருடம் கால்வின் வந்தார். குளிர்நாளில் மதிய இடைவேளைக்கு நான் அங்கே போய் உட்காருவதுண்டு. வெறும் கல்தூண்கள், கால்வின் உட்கார்ந்ததாகச் சொல்லப்படும் சாதாரண மர நாற்காலி ஒன்று. ஆனால் அதே ஆலயத்தின் முகப்பு? 1750களில் பழைய முகப்பை இடித்துவிட்டு, ரோமாபுரிக் கோயில் மாதிரி ஆறு பெருந்தூண்களை நிறுத்தினார்கள். அதே நூற்றாண்டில்தான் பக்கத்து க்ராஞ்ச் தெருவில் பணக்காரக் குடும்பங்கள் மாளிகை கட்டின. ஆடம்பரத்தைக் கண்காணிக்க 1646இலிருந்தே தனிச் சபை இருந்த ஊர் இது! உடையில், நகையில் கைவைத்த சட்டம் கட்டிடத்துக்குள் அவ்வளவாக நுழையவில்லை போலும்.

பொற்கொல்லர்கள் கதையும் அப்படித்தான். சிலுவைக்கும் நகைக்கும் கிராக்கி குறைந்தபோது அவர்கள் கைக்கடக்கமான கடிகாரத்துக்கு மாறினார்கள். பிரெஞ்சு அகதிகள் கொண்டுவந்த தொழில்நுட்பமும் சேர்ந்தது. 1601இல் கடிகாரக்காரர்களுக்குச் சங்கமே வந்துவிட்டது. நேரம் பார்ப்பது ஆடம்பரமில்லையே! இன்று மலையிலிருந்து ஏரிக்கரைக்கு இறங்கினால் கூரைக்குக் கூரை கடிகாரக் கம்பெனிகளின் பெயர்கள் விளக்கு வெளிச்சத்தில் எரிகின்றன.

கல்லறைக்கு அடையாளமே வேண்டாம் என்று சொல்லிச் செத்தவர் கால்வின், 1564இல். பிளான்பலே மயானத்தில் பிற்காலத்தார் அவருக்கென்று ஒரு கல் வைத்தார்கள், இரண்டே எழுத்தோடு. வங்கித் தகடு மாதிரியே. அது போதாதென்று 1909இல் பூங்காவில் சுமார் 100 மீட்டர் நீளச் சுவருக்கு அடிக்கல் நாட்டி, ஐந்து மீட்டர் உயரத்தில் அவரைச் செதுக்கினார்கள்.

என்னைக் கேட்டால், ஒளித்து வைப்பதும் அடக்கமும் ஒன்றல்ல. தெரிந்தவனுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்பதும் ஒரு மிடுக்குத்தான். இந்த ஊரில் எனக்கு அடக்கமாகப் படுபவை பழைய வீடுகளின் மேல்தளங்கள். 16ஆம் நூற்றாண்டிலும், பிறகு 1685இலும், மதத்துக்காகப் பிரான்சிலிருந்து துரத்தப்பட்டவர்கள் வந்து குவிந்தார்கள். கோட்டைச் சுவருக்குள் நிலம் இல்லை. இருந்த வீட்டின் தலையில் இன்னொரு தளம், அதற்கு மேலே இன்னொன்று என்று கட்டி இடம் கொடுத்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சென் ஜெர்வேயில் கடிகாரத் தொழிலாளிகள் வெளிச்சத்துக்காக உச்சித் தளத்தில்தான் வேலை செய்தார்கள். அகதியாக வந்தவன் என்பதால் எனக்கு அந்தத் தளங்கள்மேல் தனிப் பாசம்.

வேலைக்கு மட்டும் அவை பெரும் பாடு. தளத்துக்குத் தளம் உயரம் வேறு, தரை ஒரு பக்கம் சரிவு, புதுக் குழாய் எதுவும் நேராகப் பொருந்தாது. குனிந்துகொண்டே வேலை செய்து இடுப்பு விட்டுப்போகும். போன மாதம் அப்படியொரு தளத்தில் மூன்று குளியலறை போட்டோம். ஏரி தெரிகிறதென்று வாங்கியிருக்கிறார்களாம். வாசலில் பெயர் போடவில்லை.